மதிலைத் தாண்டுமுன்: புற்றணுவும் இயல்பான அணுவும்

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள சந்திரகிரியில் பழைய கோட்டை ஒன்று உண்டு. அதைக் கண்டவர்கள் அதன் மதிலை மறந்திருக்க மாட்டார்கள். மதிலுக்குள் எழும் கலகத்தை அடக்குவது எளிது. மதிலைத் தாண்டி நாடெங்கும் பரவிய கலகத்தை அடக்குவது அரிது. மனித உடலில் புற்றுநோய் வளரும் முறையும் இதை ஒத்ததே.

இயல்பான உயிரணு கட்டுப்பாட்டுக்கு அடங்கியது. தோலில் காயம் ஏற்பட்டால் அருகிலுள்ள அணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. காயம் மூடியதும் நின்றுவிடுகின்றன. பழுதடைந்த அணு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் இயல்பான மனித அணு ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுவதை ஹேஃபிளிக், மூர்ஹெட் என்னும் அறிஞர்கள் 1961இல் எடுத்துக்காட்டினர்.

புற்றணுவோ இக்கட்டளைகளை மீறுகிறது. மரபணுக்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் பழுதுகளே இதற்குக் காரணம். புற்றணு எப்போதும் மிக வேகமாகப் பிரியும் என்பது பலருடைய எண்ணம். அது முற்றிலும் சரியன்று. எலும்பு மச்சையிலும் குடலின் உட்புறத்திலும் உள்ள இயல்பான அணுக்களும் விரைவாகவே பிரிகின்றன. வேற்றுமை வேகத்தில் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமையில் உள்ளது. புற்றணு எளிதில் மடிவதில்லை. தனக்கு உணவு கொணரப் புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்கிறது. இறுதியில் தன் இடத்தை விட்டு வேறு உறுப்புகளுக்கும் செல்கிறது.

இந்த வேற்றுமை நுண்ணோக்கியிலும் புலனாகும். புற்றணுவின் உட்கரு பெரிது, வடிவம் ஒழுங்கற்றது, சாயத்தை மிகுதியாக ஏற்றுக் கருமையாகத் தெரியும். இந்த அடையாளங்களைக் கொண்டே டாக்டர் பாப்பனிகொலா 1940களில் கருப்பை வாய் அணுப் பரிசோதனையை நிலைநாட்டினார்.

கருப்பை வாயைப் போர்த்துள்ள அணுக்களுக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. அதுவே இங்கு மதில். மனிதப் பாப்பிலோமா வைரஸ் நெடுநாள் தங்குவதால் மாற்றமடையும் அணுக்கள் இச்சவ்வைத் தாண்டப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. அக்காலத்தில் வலியில்லை, குருதிப்போக்கு இல்லை. ஆனால் அப்போது கண்டறிந்தால் குளிரூட்டி அழிக்கும் எளிய சிகிச்சையே பெரும்பாலோருக்குப் போதும்.

கண்டறிவதும் கடினமன்று. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால், உட்கரு பெருத்து நெருங்கிய அணுக்கள் உள்ள பகுதி ஓரிரு நிமிடங்களில் வெண்மையாகிறது. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரின் கண் போதும்.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு இதை மெய்ப்பித்தது. கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000க்கும் மேற்பட்ட பெண்களைச் செவிலியர் ஒரு முறை பரிசோதித்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களுடன் ஒப்பிடுகையில், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என 2007இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

சந்திரகிரி வட்டாரத்து மக்களுக்கு மருத்துவமனை தொலைவில் இல்லை. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையம் உள்ளது. டாடா அறக்கட்டளையின் முயற்சியால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனையும் 2022இல் திறக்கப்பட்டது. ஆயினும் நோய் முற்றியபின் வருபவரை மிகச் சிறந்த மருத்துவமனையாலும் எப்போதும் காப்பாற்ற இயலாது.

ஆதலின் முதற்பணி ஊரிலேயே தொடங்க வேண்டும். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று உறுப்புகளின் புற்றுநோய்க்கும் 30 வயதைக் கடந்தோரைப் பரிசோதிக்க மைய அரசின் திட்டம் வழிவகுத்துள்ளது. தனக்கு ஒரு நோயும் இல்லை என்று கூறும் பெண்ணையே பரிசோதனைக்கு அழைத்து வருதல் வேண்டும். வெண்மை கண்டவுடன் சிகிச்சையும் தவறாது கிடைக்கச் செய்தல் வேண்டும். அலுவலர்களின் கடமையும் மாணவர்களின் தொண்டும் பயனளிப்பது அணு மதிலைத் தாண்டுமுன் உள்ள அந்தச் சில ஆண்டுகளில்தான்.