இயற்பியலா, மின்பொறியியலா?



சென்ற கோடையில் ஒரு மாலை, பெண்ணாடத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு மாணவன் தன் தந்தையுடன் வந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவன். "ஐயா, எனக்கு இயற்பியலும் வேண்டும், மின்பொறியியலும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே படிக்கலாமா?" என்று கேட்டான். தந்தை கரும்பு பயிரிடுபவர். "எதைப் படித்தால் சீக்கிரம் சொந்தக் காலில் நிற்பான் என்று சொல்லுங்கள் ஐயா" என்றார். இரு கேள்விகளும் நியாயமானவையே.

நமக்கு அருகிலுள்ள நெய்வேலி அனல்மின் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியால் சுழலியைச் சுழற்றி, மின்னாக்கியை இயக்குகிறார்கள். காந்தப் புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் தோன்றுவானேன் என்று கேட்பது இயற்பியல். 1831இல் ஃபாரடே ஆராய்ந்தது இதனையே. அம்மின்சாரத்தை அதிக இழப்பின்றி வயலிலுள்ள மோட்டார் வரை கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்று கேட்பது மின்பொறியியல். கணிதம் இரண்டிற்கும் பொது, வினாதான் வேறு.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இருவரின் வரலாற்றைக் கேளுங்கள். ஜி. என். இராமச்சந்திரன் அங்கே பட்டம் பெற்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பிரிவில் சேர்ந்தார். விரைவிலேயே சர் சி. வி. இராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1954இல் சென்னையில், கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கோபிநாத் கர்த்தாவுடன் வெளிப்படுத்தினார். 1971இல், பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் படத்தைக் கணித்தெடுக்கும் சிறந்த முறையொன்றை ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு வகுத்தார். மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேன் கருவிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. அது இயற்பியலா, பொறியியலா என்று பிரித்துக் கூற இயலுமா?

மற்றவர் அப்துல் கலாம். 1954இல் அதே கல்லூரியில் இயற்பியல் முடித்த பின்னரே, தமக்குரியது பொறியியல் என்று உணர்ந்தார். பின்பு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்றார். ஒருவர் பொறியியலிலிருந்து இயற்பியலுக்கு வந்தார். மற்றவர் இயற்பியலிலிருந்து பொறியியலுக்குச் சென்றார். முன்பு கற்றது இருவருக்கும் வீண்போகவில்லை.

இரண்டையும் ஒருங்கே கற்கவும் வழி உண்டு. பிலானியிலுள்ள பிர்லா கழகத்தில் இயற்பியல் முதுகலையும் ஒரு பொறியியல் பட்டமும் ஐந்தாண்டுகளில் பெறலாம். ஆயினும் அதற்குச் செலவு மிகுதி, உழைப்பும் மிகுதி. இரு பாடச் சுமையால் ஆய்வுக்கூடத்தில் நின்று செய்து பார்க்க நேரமில்லையெனில், இரு பட்டங்கள் இருந்தும் ஒன்றிலும் ஆழம் இராது. தமிழ்நாட்டில் இளங்கலை இயற்பியல் முடித்தவர் தகுதியிருப்பின் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் இயலும். ஆகவே பதினேழு வயதில் எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிடுவதில்லை.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இயற்பியலில் உயிராயிருந்த ஒரு மாணவனிடம், "அது சோறு போடாது" என்று சொல்லிப் பொறியியலுக்கு அனுப்பினேன். அவன் நல்ல பொறியாளனானான். அண்மையில் என்னைக் காண வந்தபோது, "இன்றும் இரவில் இயற்பியல் நூல்களைத்தான் படிக்கிறேன் ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அச்சிரிப்பு என் நெஞ்சில் தைத்தது. நான் அவனுடைய மதிப்பெண்ணைப் பார்த்தேன். அவன் கேட்ட கேள்விகளைக் கவனிக்கத் தவறினேன்.

ஆதலால் இம்முறை தீர்ப்புச் சொல்லவில்லை. "மின்சாரத்தைப் பற்றி உனக்குள்ள பத்துக் கேள்விகளை எழுதி வா" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தான். ஏழு கேள்விகள் 'ஏன்' என்று தொடங்கின. மூன்று 'எப்படி' என்று தொடங்கின. தந்தை அத்தாளை நெடுநேரம் பார்த்தார். "இளங்கலைக்கு மூன்றாண்டு, முதுகலைக்கு இரண்டு, ஐந்தாண்டு நான் தாங்குவேன். அதற்குமேல் அவன் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். மகன் தலையசைத்தான். இன்று அவன் இயற்பியல் மாணவன். விடுமுறையில் ஊரிலுள்ள மோட்டார்களைப் பழுது பார்க்கிறான்.

மாணவர்களே, விண்ணப்பத்தை நிரப்புமுன் நீங்களும் ஒரு தாளில் பத்துக் கேள்விகளை எழுதிப் பாருங்கள். பின்பு அதனை உங்கள் பெற்றோரிடமும் காட்டுங்கள்.