தொழிலறையின் திசையும் றிஸ்க்கின் வாசலும்

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா றஸூலில்லாஹ்.

 

2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலம் தொட்டு வீட்டிலிருந்தே தொழில் புரிவோர் நம் மத்தியில் பெருகியுள்ளனர். ஒரு கணினியும் மேசையும் கதிரையும் இருந்தால் வீட்டின் மூலையொன்றே காரியாலயமாகி விடுகிறது. இது அல்லாஹ் நமக்களித்த நிஃமத்தாகும். எனினும், அந்த மேசையை எங்கே வைப்பது என்ற சாதாரண வினா, சில இல்லங்களில் ஈமானைத் தொடும் வினாவாக மாறியிருப்பதைக் காண்கிறோம்.

அண்மையில் ஒரு வாலிபர் என்னைச் சந்தித்தார். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்பவர். சில மாதங்களாக அவரது வருமானம் குறைந்திருந்தது. நண்பர் ஒருவர் 'பெங் சுயி' அட்டவணையைக் காட்டி, அவர் பிறந்த ஆண்டுக்கு வடமேற்கு அறையே பொருத்தம் எனக் கூறியிருக்கிறார். அந்த அறையிலோ அவருடைய உம்மம்மா உறங்குகிறார். குளியலறைக்கு அருகில் இருப்பதால் முதியவருக்கென ஒதுக்கப்பட்ட அறை அது. "உம்மம்மாவைப் பின் விறாந்தைக்கு மாற்றலாமா ஹஸ்ரத்?" என்று அவர் வினவினார்.

சகோதரர்களே! பெங் சுயி என்பது சீன மொழியில் காற்றையும் நீரையும் குறிக்கும். வீடுகளுக்கும் அடக்கத்தலங்களுக்கும் இடம் தெரிவதற்காகச் சீனர்கள் வளர்த்த பழைய மரபு அது. பிறந்த ஆண்டிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, எட்டுத் திசைகளில் நான்கு நன்மை தருபவை, நான்கு தீமை தருபவை எனப் பிரிப்பது அதன் ஒரு முறை. பிற சமூகத்தாரை இழிவுபடுத்துவது நமது நோக்கமன்று. நாம் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்பதே நமது கேள்வி.

கதவைப் பார்த்தவாறு அமர்க, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், மேசையில் குப்பை சேர வேண்டாம் என்றும் அம்மரபினர் கூறுவர். இவை அனுபவ அறிவு சார்ந்தவை. இவற்றைப் பின்பற்றுவதில் மார்க்கத் தடை எதுவுமில்லை. ஆனால், இந்தத் திசை செல்வத்தைத் தரும், அந்தத் திசை அதைப் பறிக்கும் என்று நம்புவதும், மூன்று கால் தவளைப் பொம்மை காசைக் கொண்டு வரும் என்று எண்ணுவதும் வேறு விடயம். றிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்ற அகீதாவில் அது கை வைக்கிறது.

ஜாஹிலிய்யாக் கால அறபிகள் பறவை பறக்கும் பக்கத்தைப் பார்த்துப் பயணத்தைத் தீர்மானித்தனர். சகுனம் பார்த்தல் கிடையாது என நபி (ஸல்) அவர்கள் அதை நிராகரித்தார்கள். இஹ்றாம் அணிந்தவர் வாசலால் நுழையாமல் வீட்டின் பின்புறத்தால் நுழைவதே புண்ணியம் என்றும் சிலர் கருதினர். ஸூறத்துல் பகறா அதைக் கண்டித்து, வாசல்களாலேயே நுழையுமாறு பணித்தது. கிழக்கிலோ மேற்கிலோ முகம் திருப்புவது மாத்திரம் நன்மையாகாது என்றும் அதே ஸூறா போதிக்கிறது. அடுத்து அது எண்ணும் நன்மைகளுள் ஈமானுக்குப் பின், உறவினருக்குப் பொருள் கொடுப்பதும் இடம்பெறுகிறது.

அந்த வாலிபரிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். முதலாவது, "வேலையை எப்போது ஆரம்பிக்கிறீர்கள்?" இரவு நெடுநேரம் விழித்து, ளுஹருக்குச் சற்று முன்னரே எழுவதாகவும், கணக்குகள் தாமதமாகவே போய்ச் சேர்வதாகவும் ஒப்புக்கொண்டார். தமது உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பறகத் வேண்டி நபியவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (றழி) அவர்கள் ஒரு வியாபாரி. தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பி வைத்து அவர் செல்வந்தரானார் என்று ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன.

இரண்டாவது கேள்வி: "றிஸ்க் விசாலமாக வேண்டுவோர் இரத்த உறவைச் சேர்ந்து நடக்கட்டும் என்பது நபிமொழியின் கருத்து. நீங்களோ றிஸ்க்கைத் தேடி உம்மம்மாவை அறையிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறீர்களே?" அவர் தலை குனிந்தார்.

பெற்றோரே, வாலிபர்களே! தொழிலறைக்கு இடம் தெரியும்போது பார்க்க வேண்டியவை வேறு. வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். யன்னல் நேர் எதிரேயோ பின்னாலோ இருந்தால் கண் கூசும். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்ட 2022ஆம் ஆண்டை மறவாதீர்கள். காற்றோட்டமும் பகல் வெளிச்சமும் உள்ள இடமே மேல். கெமராவின் திசையைக் கட்டாயம் கவனியுங்கள். வீட்டுப் பெண்கள் நடமாடும் பகுதி அந்நியர் பார்வையில் படலாகாது. தொழில் நிமித்தம் வருவோர் அனுமதி பெற்று நுழையக்கூடியதாக இடம் அமையட்டும். முதியோர், சிறுவர் எவருடைய உரிமையும் பறிபோக வேண்டாம். மேசை கிப்லாவை நோக்கியே இருக்க வேண்டுமென்ற கடமையும் இல்லை.

இவற்றை ஆராய்ந்து, வீட்டாருடன் மஷூறாச் செய்து, இரண்டு றக்அத் இஸ்திகாறாத் தொழுது தீர்மானியுங்கள். ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்தார்கள் நம் நபியவர்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதிர்ஷ்ட மூங்கிலை அகற்றிவிட்டு, அதே எண்ணத்துடன் ஆயத்துல் குர்ஸிச் சட்டகத்தை மாட்டிவிட்டு அதை ஓதாமலே இருந்தால், நம் நிலையில் என்ன மாற்றம் ஏற்பட்டது?

அந்த வாலிபர் மண்டபத்தில் யன்னலோரமாக மேசையை வைத்தார். உம்மம்மா தன் அறையிலேயே இருக்கிறார். வருமானம் உடனே பெருகியது என்று நான் கூறமாட்டேன். அது அல்லாஹ்வின் நாட்டம். சுப்ஹுக்குப் பின் வேலையை ஆரம்பிக்கும் அவருக்கு, உம்மம்மாவின் துஆ தினமும் கிடைக்கிறது.

நமது இல்லங்களிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறகத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹு.