ஈறுகளில் கசியும் இரத்தம்





உளூச் செய்கையில் வாய் கொப்பளித்து உமிழ்ந்த நீரில் இரத்தச் சிவப்பைக் கண்டதுண்டா? "ஏதோ குத்தியிருக்கும்" என்று எண்ணி அடுத்த உறுப்பைக் கழுவச் சென்றுவிடுகிறோம். சிலர் அன்று முதல் அந்தப் பக்கம் மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ படாமல் பார்த்துக்கொள்கின்றனர். நானும் பல மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். நோயை வளர்க்கும் வழியே அதுதான் என்பதைப் பிறகே அறிந்துகொண்டேன்.

பற்களின் மீது அன்றாடம் படியும் பிசுபிசுப்பான படலம் கிருமிகளின் குடியிருப்பாகும். அதை அகற்றாவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். இந்நிலையில் முறையாகத் தூய்மை செய்தால் ஈறு நலமடைந்துவிடும். விட்டுவிட்டாலோ படலம் இறுகிப் பற்காரையாகும். ஈறு பல்லைவிட்டு விலகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கும். புகைப்பவருக்கு இரத்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும். அவர் தமக்கு நோயில்லை என்றே நம்பிக்கொண்டிருப்பார்!

பலமான இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட அல்லாஹ்வின் நேசத்துக்கு உரியவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. இன்று நம் இளைஞர்கள் ஃபஜ்ருக்குப் பின் நடக்கின்றனர். உடற்பயிற்சிக் கூடம் செல்கின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் வாய் வேறு, உடல் வேறு என்று எண்ணிவிடுகின்றனர்.

2012 இலண்டன் ஒலிம்பிக்கின்போது வீரர்கள் தங்கிய வளாகத்தின் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்தவர்களில் 302 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் நான்கில் மூவருக்கு ஈறு அழற்சி இருந்தது. 15 விழுக்காட்டினருக்கு அது எலும்பு வரை சென்றிருந்தது. வாய் நலக் குறைவால் தங்கள் பயிற்சியும் ஆட்டமும் பாதிக்கப்பட்டதாக 18 விழுக்காட்டினர் கூறினர். உலகின் மிகக் கட்டான உடல்களுக்கே இந்த நிலை!

மறுபுறமும் உண்டு. உடல் எடையைச் சீராக வைத்து, போதிய உடற்பயிற்சி செய்து, நல்லுணவு உண்போருக்கு, இம்மூன்றையும் பேணாதோரைவிட முற்றிய ஈறு நோய் 40 விழுக்காடு குறைவு என 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. உடலைப் பேணுபவர் பல்லையும் பேணுபவராக இருக்கலாம். எனவே உடற்பயிற்சி மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது.

ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்குமாறு கட்டளையிட நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். சமுதாயத்திற்குச் சிரமமாகும் என்பதாலேயே அதைக் கட்டாயமாக்கவில்லை (புகாரி, முஸ்லிம்). அவர்களின் இறுதி வேளையில் ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக்கை மென்மையாக்கிக் கொடுக்க, அதனால் பல் துலக்கினார்கள் என்பதையும் புகாரியில் காண்கிறோம். நாமோ முன்பற்களில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டுக் குச்சியைச் சட்டைப் பையில் செருகிவிடுகிறோம்! கிருமிகள் தங்குவது கடைவாய்ப் பற்களிலும் உட்புறத்திலும் பல்லும் ஈறும் சேரும் ஓரத்திலும்தான். அங்கே மென்மையாகத் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும். படிந்து இறுகிய காரையை மருத்துவரே அகற்ற வேண்டும். அப்படி அகற்றினால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் வீணானது.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? சர்க்கரை ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை உயர்த்தும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 குறைகிறது என 2022இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. "வயதாகிவிட்டது, மெல்ல முடியவில்லை" என்று ரொட்டியைத் தேநீரில் நனைத்து உண்ணும் உங்கள் தந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவராயின் அதை முதலிலேயே கூறிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.