டிக் அடித்த கோப்பைப் பார்த்தீர்களா?

(மாங்காட்டில் கணினி பயிலும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மாங்காடு நகராட்சிக்குச் சொத்து வரியை இப்போ வீட்டிலிருந்தே ஆன்லைனில் கட்டுறோம். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பது நிரல். நாளைக்கு அப்படி ஒரு நிரலை உங்களில் ஒருத்தர் எழுதலாம்.

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று கோப்புக்குப் பெயர் வைக்காதவர் யாராவது உண்டா? அதற்கான மருந்துதான் கிட். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் பணிக்காக உருவாக்கியது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகும்.

கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயக்கமா? விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு கிட்ஹப் டெஸ்க்டாப் இலவசம். லினக்ஸ் என்றால் கிட் கோலா இருக்கு.

கிட்ஹப் டெஸ்க்டாப்பின் இடதுபக்கப் பட்டியலைச் சொல்லத்தான் வந்தேன். மாற்றிய கோப்பெல்லாம் அங்கே டிக்கோடு நிற்கும். சோதனைக்கு வைத்த ஆதார் எண் பட்டியலும், பாஸ்வேர்டு உள்ள கோப்பும்கூட! கவனிக்காமல் கமிட் செய்து, பொதுக் களஞ்சியத்துக்கு புஷ் கொடுத்தால் போச்சு. மறுநாள் நீக்கினாலும் பழைய கமிட்டைத் திறந்து யாரும் எடுக்கலாம். பாஸ்வேர்டை ஒரு நிமிஷத்தில் மாற்றிடலாம். மக்களின் ஆதார் எண்ணை அப்படி மாற்ற முடியுமா?

அதனால் கோப்பைத் தொட்டுப் பாருங்க. சேர்த்த வரி பச்சை, நீக்கியது சிவப்பு. வேண்டாததில் டிக்கை எடுங்க. புதுக் கோப்பு என்றால் ரைட் கிளிக் செய்து கிட்இக்னோரில் சேருங்க. பிறகு பட்டியலிலேயே வராது.

ஏற்கெனவே புஷ் ஆகிவிட்டதா? மறைக்காதீங்க. முதலில் பாஸ்வேர்டை மாற்றி, உடனே குழுத் தலைவரிடம் சொல்லுங்க. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதுக்கப்புறம். அதற்கு மட்டும் கருப்புத் திரைக்குத்தான் போகணும்.