சட்டம் செய்த மகளிரும் நம் கடமையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெற்குப்பையில் நம் சமுதாயத்தார் தொடங்கிய இக்கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ளது. கூலி வேலை முடித்து வந்த கையோடு பிள்ளைகளின் படிப்பிற்காகச் சந்தா அளித்த பெரியவர்களை இவ்வேளையில் நன்றியோடு நினைவு கூர்கின்றோம். ஆயின், பாராட்டுரை மட்டும் கூறி அமர்ந்துவிட நம் மனம் ஒப்பவில்லை. மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி நம்மை அவ்வாறு அமரவிடவில்லை.

அரசியல் நிர்ணய சபையைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அச்சபையில் பதினைந்து பெண்கள் உறுப்பினராய் இருந்தனர் என்று கூறினோம். பின்வரிசையில் இருந்த நம் தெருப் பெண் எழுந்து, "ஐயா, அந்தப் பதினைந்து பேரில் நம்மவர் எத்தனை பேர்?" என்று கேட்டாள். "ஒருவர்" என்றோம். "ஒருவர்தானா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டாள். அந்த ஒருவரைப் பற்றியும், அவரோடிருந்த பதினால்வரைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

அவையில் தனியொருத்தியாய் நிற்பது எத்தகைய சுமை என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1930இல் மசோதா கொணர்ந்தார். மாதர் சங்கங்கள் வெளியே துணை நின்றன. ஆனால், காந்தியடிகளின் கைதைக் கண்டித்து அவ்வாண்டிலேயே அம்மையார் பதவி விலகியபோது, அம்மசோதாவைக் கையில் ஏந்த அவையினுள் மற்றொரு பெண் இல்லை. அது சட்டமானது 1947இல்! இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அப்பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமியர் வாழ்வு பாழாயிற்றோ, யார் அறிவார்?

தனிமரம் தோப்பாகாது என்பர். அரசியல் நிர்ணய சபையில் நிலைமை மாறிற்று. பம்பாயிலிருந்து ஹன்சா மேத்தா வந்தார். வங்கத்திலிருந்து ரேணுகா ரே வந்தார். ராஜகுமாரி அம்ருத் கௌரும், முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த பேகம் அய்ஜாஸ் ரசூலும் இருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர் மூவர்: அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன். கட்சியாலும் மதத்தாலும் மொழியாலும் இவர்கள் வேறுபட்டவர்கள். ஆயினும் பெண்ணின் உரிமை என்று வந்தபோது ஒரு குரலாய் நின்றனர். ஆண், பெண் என்னும் வேற்றுமையின்றி வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையும், பால் வேற்றுமை பாராட்டாத சட்டமும், சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் நெறியும் அரசியலமைப்பில் இடம்பெற்றன. ஹன்சா மேத்தா ஐக்கிய நாடுகள் மன்றத்திலும் வாதாடி, 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்பிரிவில் 'ஆடவர் அனைவரும்' என்றிருந்ததை 'மனிதர் அனைவரும்' என்று மாற்றச் செய்தார். சொல் ஒன்றுதான், அதனுள் உலகின் சரிபாதி மக்கள் அடங்கினர்.

இனி, அந்த ஒருவரைக் காண்போம். தாட்சாயணி வேலாயுதன் 1912இல் கொச்சிக்கு அருகே முளவுகாடு தீவில், புலையர் சமூகத்தில் பிறந்தார். 1935இல் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாய்ப் பணிபுரிந்தார். 1945இல் கொச்சிச் சட்டசபையிலும் 1946இல் அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்துகூட நிறையவில்லை. நம்மைப் போலச் சுண்ணக்கட்டி பிடித்த கை, நாட்டின் சட்டத்தை எழுதும் அவையிலும் உயர்ந்தது!

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று விவாதத்திற்கு வந்தபோது அவர் எழுந்து பேசினார். சட்டம் எழுதுவதால் மட்டும் பயனில்லை, மக்கள் நடந்துகொள்ளும் முறையே அதற்கு உயிர் தரும் என்பது அவர் கருத்து. தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. அதனை நாம் ஒப்பலாம், ஒப்பாமலும் போகலாம். சுயமாய்ச் சிந்தித்து, எவர்க்கும் அஞ்சாமல் உரைத்தார் என்பதே நம் பெண்மக்கள் கற்க வேண்டிய பாடம்.

அண்ணல் அம்பேத்கர் கொணர்ந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா, மகளுக்குச் சொத்தில் பங்கும் மனைவிக்கு மணவிலக்கு உரிமையும் தர முனைந்தது. துர்காபாய், ரேணுகா ரே, ஹன்சா மேத்தா முதலியோர் அதற்காக வாதாடினர். எதிர்ப்பு வலுத்து மசோதா முடக்கப்பட்டமையால் அண்ணல் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் 1955, 1956ஆம் ஆண்டுகளில் அது பகுதி பகுதியாய்ச் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலும், நாடெங்கும் 2005ஆம் ஆண்டிலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு கிடைத்தது.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். மகளுக்குச் சமபங்கு என்பது பெரும் உரிமையே. ஆனால், நம் குடும்பங்களில் பங்கிடுவதற்கு நிலம் எங்கே இருந்தது? பிறர் வயலில் நாற்று நட்ட நம் அன்னையர்க்கு, சொத்தில் பங்கைக் காட்டிலும் ஆணுக்கு நிகரான கூலியும், பேறுகாலத்தில் ஓய்வும், குடியிருக்கும் மனைக்குப் பட்டாவும் அல்லவா முதல் தேவை? அந்தத் தேவையை அனுபவித்து அறிந்தவர் அவையில் இருந்தாலன்றி, அது சட்டத்தின் முதல் வரிசைக்கு வாராது. பெண்கள் ஒன்றுபட்டு நிற்க வேண்டும். அவ்வணியில் நம் பெண்களும் நிற்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் பயன் பாதியே.

இன்றைய நிலை யாது? 2021இல் தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பெண்கள் வென்றவை பன்னிரண்டே. 2024இல் மக்களவையின் 543 இடங்களில் 74. மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. தாழ்த்தப்பட்டோர்க்குரிய தொகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு நம் பெண்களுக்கு உரியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே இது நடைமுறைக்கு வரும் என்று அத்திருத்தம் கூறுகிறது. அந்நாள் வரும்போது நிறுத்துவதற்கு நம்மிடம் படித்த, பேசத் தெரிந்த பெண்கள் இருக்கின்றனரா?

உள்ளாட்சியிலோ நாள் ஏற்கெனவே வந்துவிட்டது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கென 2016இல் சட்டம் செய்யப்பட்டது. ஆனால் 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், நம் சமுதாயத்து ஊராட்சித் தலைவி தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே கண்டது. இருக்கையைச் சட்டம் தந்தது, அமரவிடாதவர்கள் மனிதர்கள். தாட்சாயணி அம்மையார் 1948இல் சொன்னது இதைத்தான் அன்றோ?

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். பெண்ணுக்குரிய வார்டு என்றதும் கணவர் வாக்குக் கேட்கிறார். அவரே கூட்டத்திற்குச் செல்கிறார். அம்மையார் கையொப்பம் மட்டும் இடுகிறார். இதனை நம் தெருக்களிலும் கண்டிருக்கின்றோம். அது போகட்டும். இன்றைய விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். ஆண்களின் பெயர்கள் வரிசையாய் உள்ளன. தமிழ்த்தாய் வாழ்த்து என்ற இடத்தில் 'மாணவியர்' என்று மட்டும் அச்சாகியுள்ளது. இருபத்தைந்து ஆண்டுகளில் நம் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணும் அமர்ந்ததில்லை. குழுவில் பல்லாண்டு இருந்த நாமும் அதனைக் கேட்டதில்லை. அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை இம்மேடையிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவிற்குப் பெண்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் போதாது; குறைந்தது மூவராவது வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் வழிமொழிய வேண்டும் அல்லவா? இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்போடு எந்தப் பெண்ணின் படிப்பையும் நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022இல் தொடங்கப்பட்டது. இத்தகைய உதவிகளுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதைக் கழக இளைஞர்கள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். மூன்றாவது, உள்ளாட்சியில் வெல்லும் பெண் தாமே கூட்டத்திற்குச் செல்லட்டும். எச்சாதியினராயினும் மற்றப் பெண் உறுப்பினரோடு சேர்ந்து நிற்கட்டும். குடிநீரும் கழிப்பிடமும் தெருவிளக்கும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானவை.

வகுப்பில் எழுந்து கேட்ட அந்த மாணவி இதோ இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறாள். "ஒருவர்தானா?" என்ற அவள் கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. கழகம் பொன்விழாக் காணும் நாளில் அவளோ, அவள் தோழியரோ இம்மேடையில் நின்று அதற்கு விடை கூறட்டும். அதற்கு வேண்டியதை இன்றே செய்வோம்.