கடல் கடந்த வண்டியும் கார்புரேட்டர் ஜெட்டும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமான் தீவுகளுக்குக் கப்பலேறும் பொருள்களுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்று நாள் பயணத்துக்குப் பின் அது தீவின் தலைநகரில் இறங்குகிறது. போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலமாக அறிந்த அந்நகரம் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மாற்றலாகி வரும் அலுவலரும், வாணிகத்தின் பொருட்டு வந்து தங்கும் அன்பரும், பல்லாண்டு ஓட்டிப் பழகிய வண்டியைப் பிரிய மனமின்றி உடன் கொண்டுவருவது உண்டு. விடுமுறைக்கோ ஓய்வுக்கோ ஊர் திரும்புகையில் அவ்வண்டியே மீண்டும் கப்பலேறுவதும் உண்டு.

அவ்வாறு போற்றப்படும் பழைய வண்டிகள் யாவும் கார்புரேட்டர் காலத்தவை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் செய்தளித்த, இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட ராஜ்தூத் 350. 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் ஆகியவை நேயர்கள் நன்கறிந்தவை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளுக்குப் பின், புதிய வண்டிகளில் மின்னணுக் கருவியே எரிபொருளை அளந்து தெளிக்கிறது. காற்றின் நிலையும் என்ஜினின் வெப்பமும் மாறும்போது அக்கருவி அளவைத் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அத்தகைய அறிவு கிடையாது. பொருத்திய ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவே அது தரும். ஆகவே கார்புரேட்டரைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது எந்த ஜெட்டைப் பொருத்துவது என்னும் வினா, என்ஜினின் ஆயுளைப் பற்றிய வினாவே ஆகும்.

ஜெட் என்பது நடுவே நுண்துளை கொண்ட சிறு பித்தளைத் திருகு. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது அக்காற்றின் விரைவால் எழும் அழுத்தக் குறைவு, கிண்ணத்திலுள்ள பெட்ரோலை அத்துளையின் வழியே மேலே இழுக்கிறது. ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்கு வரை திருப்பும்போது பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் கலவையை ஆளுகின்றன. அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவெட்டும், கால் முதல் முக்கால் வரை ஊசியும் அதன் குழாயும் ஆளுகின்றன. முக்காலுக்கு மேல் முழுத்திறப்பு வரை மெயின் ஜெட்டே தலைமை ஏற்கிறது. ஆதலால் வண்டியில் குறை காணும்போது, ஆக்ஸிலேட்டர் எந்த நிலையில் இருக்கையில் அக்குறை தோன்றுகிறது என்பதையே முதலில் கவனித்தல் வேண்டும். நின்ற நிலையில் ஓடாமல் அணையும் என்ஜினுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவதால் பயன் இல்லை.

ஜெட்டின் மேல் பொறித்த எண்ணைப் பற்றியும் ஒரு சொல். டெல்லார்ட்டோ போன்ற சில தயாரிப்பாளர்கள் துளையின் விட்டத்தை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் பொறிக்கின்றனர். அம்முறையில் 100 என்பது ஒரு மில்லிமீட்டர். ஆமால் ஜெட்டிலோ ஒரு நிமிடத்தில் துளையைக் கடக்கும் எரிபொருளின் கன சென்டிமீட்டர் அளவே எண்ணாக அமைகிறது. மிகுனியின் அறுகோணத் தலை ஜெட்டுகளும் ஓட்டத்தின் அளவைக் கொண்டே எண்ணப்படுபவை. ஆகவே ஒரு தயாரிப்பின் 100-உம் மற்றொன்றின் 100-உம் ஒன்றல்ல. தேய்ந்த பழைய ஜெட்டுக்குப் பதில் வாங்குவோர் அதே தயாரிப்பின் ஜெட்டையே கேட்டு வாங்குதல் நன்று.

இனி இடத்துக்கேற்ற தேர்வுக்கு வருவோம். இதில் நோக்க வேண்டியவை இரண்டு: ஒன்று காற்று, மற்றொன்று எரிபொருள்.

காற்றைப் பொறுத்தவரை சென்னைக்கும் அந்தமானுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் கடல்மட்டத்து ஊர்கள். இரண்டிலும் வெப்பமும் ஈரமும் மிகுதி. புழுக்கம் மிக்க நாளில் நூறு பங்கு காற்றில் மூன்று பங்குக்கு மேல் நீராவியாக இருக்கலாம். எனினும் அதற்காக ஜெட்டை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் உதகமண்டலத்தில் சீர்செய்த வண்டியைக் கொண்டுவருவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பொருந்திய சிறிய ஜெட், கடற்கரையின் அடர்ந்த காற்றுக்குப் போதாது.

எரிபொருளிலோ வேறுபாடு உண்டு. பலர் கவனியாததும் இதுவே. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இலட்சத்தீவுகளும் அதிலிருந்து நீக்கி வைக்கப்பட்டன. 2025-இல் பெருநிலத்தில் கலப்பின் அளவு நூற்றுக்கு இருபது என்னும் நிலையை எட்டியது. ஆகவே வண்டி கப்பலேறுமுன் குடித்த பெட்ரோலும் இறங்கியபின் குடிக்கும் பெட்ரோலும் ஒன்றுதான் என்று கொள்ளுதல் கூடாது. எவ்வகைப் பெட்ரோல் வருகிறது என்று பங்கில் கேட்டறிந்த பிறகே ஜெட்டைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரிது? ஒரு கிலோ கலப்பற்ற பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு இது 13.5 அளவில் அமைகிறது. அதாவது, அதே காற்றுக்கு எரிபொருள் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு கூடுதலாக வேண்டும். ஓட்டத்தால் எண்ணிய ஜெட் 100 ஆக இருந்தால், 107 அல்லது 108 அளவை நாட வேண்டும். விட்டத்தால் எண்ணிய ஜெட்டானால் 104 போதும். விட்டம் சிறிது பெருகினாலே துளையின் பரப்பு இருமடங்கு விகிதத்தில் பெருகிவிடும்.

இப்போது ஆபத்து எத்திசையில் உள்ளது என்பதைப் பாருங்கள். கலப்புப் பெட்ரோலுக்காகச் சென்னையில் பெரிய ஜெட் பொருத்திய வண்டி, கலப்பற்ற பெட்ரோலைக் குடித்தால் கலவை செறிவாகும். பிளக் கரியேறும், புகை மிகும், மைலேஜ் குறையும், என்ஜினுக்குக் கேடில்லை. மாறாக, கலப்பற்ற பெட்ரோலுக்கென்று தீவில் சிறிய ஜெட் பொருத்திய வண்டியைச் சென்னைக்கு எடுத்துச் சென்று அதே நிலையில் நெடுஞ்சாலையில் விரட்டினால் கலவை மெலிந்து வெப்பம் ஏறும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதனை ‘சீஸ்’ என்பர். ஓடும் வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவரின் உயிருக்கே தீங்கு நேரலாம். எனவே ஊர் திரும்பும் வண்டிக்குத்தான் கவலை மிகுதி.

எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவோர் இன்னொன்றையும் கணக்கிற் கொள்ள வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் கலந்தால், ஜெட்டின் வழியே செல்வதில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு எண்ணெயாகிவிடுகிறது. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. எண்ணெயைக் கூட்டியதே கலவையை மெலியச் செய்யும்.

ஜெட்டை மாற்றுமுன் செய்ய வேண்டிய பணிகளும் உண்டு. அந்தமானின் உப்புக் காற்றிலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையிலும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உடல் வெண்பொடி பூத்து அரிக்கப்படுகிறது. அப்பொடி முதலில் அடைப்பது மிக நுண்ணிய பைலட் ஜெட்டைத்தான். எத்தனால் கலந்த பெட்ரோலோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் வளையங்களை உப்பச் செய்யும். அடைபட்ட சரியான ஜெட், திறந்த சிறிய ஜெட்டைப் போலவே நடந்துகொள்ளும். ஆதலால் ஜெட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியை விட்டுக் குத்துதல் கூடாது; பித்தளை மெதுவானது, துளை பெருகிவிடும். மிதவை ஊசியையும் ரப்பர் வளையங்களையும் புதியனவாக மாற்றி, மிதவையின் உயரத்தைக் கையேட்டின்படி அமைத்து, என்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்றும் நோக்குதல் வேண்டும். அவ்வெடிப்பின் வழியே நுழையும் காற்று எந்த ஜெட்டின் கணக்கையும் பொய்யாக்கும்.

இவை முடிந்தபின், தயாரிப்பாளர் குறித்த எண்ணுள்ள ஜெட்டுகளையே முதலில் பொருத்துக. காற்று வடிகட்டியையோ சைலன்சரையோ மாற்றியிருந்தாலும், எரிபொருள் மாறியிருந்தாலும், மெயின் ஜெட்டை இரண்டு படி பெரிதாக வைத்துத் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து வருதலே பாதுகாப்பான முறை. மெயின் ஜெட், பிறகு ஊசி, இறுதியில் பைலட் என்பது வரிசை. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, எண்ணையும் விளைவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக.

மெயின் ஜெட்டைச் சோதிக்கப் புதிய பிளக்கைப் பொருத்தி, ஆளரவமற்ற நேரான சாலையில், மூன்றாம் கியரில் சிறிது தூரம் முழுத்திறப்பில் ஓட்டி, ஒரே நேரத்தில் என்ஜினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்துக. பிளக்கின் வெண்பீங்கானின் அடிப்பகுதியில் மெல்லிய பழுப்பு வளையம் தோன்றினால் கலவை செம்மை. கரி படர்ந்தால் செறிவு. வெளுத்து மினுமினுத்தால் மெலிவு என்று கொள்க. மெலிவு கண்டால் அன்றே பெரிய ஜெட்டுக்குத் திரும்புதல் வேண்டும். ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஜாரவா மக்களின் காப்புப் பகுதியில் வண்டிகளை நிறுத்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அவ்வழி இத்தகைய சோதனைக்கு உரியதன்று.

தீவில் வாழ்வோர்க்கு உதிரிப்பாகம் கடல் கடந்து வர வேண்டும். ஒரே ஒரு ஜெட்டை வரவழைத்துப் பொருந்தாமல் மீண்டும் கப்பலுக்குக் காத்திருப்பதைவிட, உரிய எண்ணுக்குக் கீழே இரண்டும் மேலே மூன்றுமாக ஒரு தொகுதியை ஒருங்கே வாங்கி வைப்பது சிக்கனம். அவற்றை ஈரம் புகாத சிறு டப்பாவில் எண் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊருக்குக் கப்பலேறும் நாள் வரும்போது, பயணச்சீட்டோடும் வண்டியின் பதிவுப் புத்தகத்தோடும் அந்தப் பெரிய ஜெட்டையும் மறவாமல் எடுத்துவைத்து, அக்கரையில் முதன்முறை பெட்ரோல் நிரப்பும்போதே அதனைப் பொருத்திக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிட வேலை அது. பிஸ்டனும் சிலிண்டரும் அதனால் பிழைக்கும்.