சட்டைப்பையில் ஒரு சீறியாழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடைவிடாது கூடுவது எளிய செயலன்று. ஆலை இரைச்சலும் கண்டெய்னர் லாரிகளின் ஓசையும் ஓயாத இவ்வட்டாரத்தில், கவிதையை வாய்விட்டுப் படித்துக் காதாரக் கேட்கும் வழக்கத்தை நீங்கள் காத்து வந்திருக்கிறீர்கள். இசையும் இலக்கியமும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தபோது, மிகச் சிறிய ஒரு பொருளையே எடுத்துக்கொள்ள எண்ணினேன். அது சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் டிஜிட்டல் இசைக்கருவி. மக்கள் வழக்கில் எம்.பி.3 பிளேயர்.

இசையைச் சுமந்து திரிவது தமிழர்க்குப் புதிதன்று. சிறுபாணர் ஏந்திச் சென்றது சீறியாழ். பெரும்பாணர் ஏந்திச் சென்றது பேரியாழ். கூத்தர்கள் முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் பையிலிட்டுக் கட்டித் தோளில் சுமந்து மலைவழி நடந்ததை மலைபடுகடாம் காட்டுகிறது. பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களை அம்மூட்டைகளுக்கு உவமை சொன்னார் அப்புலவர். கருவிகளைக் கட்டிய அம்மூட்டைக்குக் 'கலப்பை' என்று பெயர். அந்தக் கலப்பையைச் சுமந்தவரே பாடவும் ஆடவும் வல்லவர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். சுமப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்ற பிரிவு அங்கில்லை. அப்பிரிவு நம் காலத்தில் ஏற்பட்டது.

அது ஏற்பட்ட வரலாற்றில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு. பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்கள் துறைமுகத்தை ஒட்டி, ராஜாஜி சாலையோரம் அமைத்த பர்மா பஜாரின் வழியாகத்தான் டிரான்சிஸ்டரும் டேப் ரெக்கார்டரும் வாக்மேனும் நம்மில் பலருடைய வீடுகளுக்குள் நுழைந்தன. சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது 1979இல். வெற்றுக் கேசட்டையும் பாடல் பட்டியலையும் கொடுத்துவிட்டு, ரெக்கார்டிங் சென்டரில் நாள்கணக்காகக் காத்திருந்த தலைமுறை நம்முடையது. அறுபது நிமிடக் கேசட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு பாடல்கள் அடங்கும். ஆகவே பட்டியலைப் பலமுறை அடித்தும் திருத்தியும் எழுதினோம். 1998இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 'எம்பிமேன்' என்ற முதல் எம்.பி.3 பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 32 மெகாபைட் நினைவகத்தில் ஏழெட்டுப் பாடல்களே கொள்ளும். மூன்றாண்டுகள் கழித்து, 2001இல், ஆயிரம் பாடல்கள் உங்கள் பையில் என்ற அறிவிப்போடு ஆப்பிளின் ஐபாட் வந்தது. நம் தெருக்களுக்கு ஐபாட் வந்தது குறைவு. விலைமலிந்த பிளேயர்களும், அவற்றையடுத்து மெமரி கார்டு பொருந்திய கைப்பேசிகளுமே வந்தன. ரீசார்ஜ் கடைகளில் சில ரூபாய்க்கு நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தந்தார்கள். 2017இல் சரிகம நிறுவனம், பழைய டிரான்சிஸ்டர் வடிவில், பாடல்களைத் தானே நிரப்பிய 'கார்வான்' பெட்டியை வெளியிட்டது. பின்னர் அதில் தமிழ்ப் பாடல் பெட்டியும் வந்தது. 2022 மே மாதத்தில் ஆப்பிள் ஐபாடின் உற்பத்தியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. இன்று பாடல் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது; நாம் கேட்கும் நேரத்திற்கு மட்டும் அது நம் செவிக்கு வருகிறது.

இவ்வரலாற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. எட்டுப் பாடல் ஆயிரமாயிற்று, ஆயிரம் எண்ணிலடங்காததாயிற்று. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை படிப்படியாக நம் கையை விட்டுப் போயிற்று. கேசட்டுக்கு நாம் பட்டியல் எழுதினோம். மெமரி கார்டுக்குக் கடைக்காரர் தேர்ந்தார். இன்று அடுத்து ஒலிக்க வேண்டியதை இயந்திரமே தீர்மானிக்கிறது.

இனி அக்கருவியின் உள்ளே நிகழ்வதைச் சிறிது காண்போம். குறுந்தகட்டில் ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட்டுகள் செலவாகின்றன. பரவலாக வழங்கிய எம்.பி.3 கோப்பில் அது 1,28,000 மட்டுமே. பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கியும் பாடல் பாடலாகவே கேட்பது எவ்வாறு? பேரொலி எழும்போது அதை ஒட்டி எழும் மெல்லொலியை மனிதச் செவி உணராது. எதைச் செவி உணராதோ, அதைப் பதியாமல் விட்டுவிடுவதே எம்.பி.3 முறையின் அடிப்படை.

ஜெர்மனியில் இம்முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். பல கருவிகள் சேர்ந்தொலிக்கும் இசையை நன்றாகச் சுருக்கிய அவருடைய முறை ஓரிடத்தில் திணறியது. பக்கவாத்தியம் ஏதுமின்றி சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி தனித்துப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடல்தான் அது. தொடக்கச் சோதனைகளில் அக்குரல் சிதைந்து ஒலித்தது. பிழையை மறைத்துக்கொள்ள அதில் வேறு ஒலி இல்லை. அப்பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டே அவர் தம் முறையைச் செப்பம் செய்தார். தனித்த மனிதக் குரல் சுருக்குவதற்குக் கடினமாக இருந்தது என்பது, கவிஞர்களாகிய உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தகைய தனிக்குரல்களில் எத்தனை நம் பைகளில் உள்ளன? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் கடலில் நின்றன. அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். அவர்கள் துடுப்பின் கதிக்கேற்பப் பாடியதை ஐரோப்பியப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். படகுத் தொழில் செய்த சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் ராயபுரத்தில் இன்றும் நிற்கிறது. அவர்களுடைய துடுப்புப் பாட்டைக் கேட்க நமக்கு வழியில்லை. கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாட்டின் நிலையும் அதுதான். படகில் மோட்டார் ஏறியது, பாட்டு இறங்கியது. கதிக்குப் பாட்டுத் தேவைப்படாத இடத்தில் பாட்டும் தேவைப்படாமல் போயிற்று.

கானாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இழவு வீட்டின் இரவை விழித்துக் கழிக்கப் பிறந்த அப்பாட்டு, தேவாவின் இசை வழியே 1990களில் திரையில் பரவியது. 2006இல் கானா உலகநாதனும் 2012இல் கானா பாலாவும் திரைப்படத்தின் வாயிலாகத் தமிழகமெங்கும் கேட்கப்பட்டனர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. இளைஞர்கள் இன்று தாமே பாடித் தாமே யூடியூபில் ஏற்றுகிறார்கள். இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் மேடையும் திரையும் ஏற்றுக்கொண்ட குரல்களே நம் பைக்குள் வந்தன. தெருவோடு நின்றவை வரவில்லை. சிறப்பாக, பெண்களின் ஒப்பாரியும் தாலாட்டும் வரவேயில்லை.

ஒருமுறை என் வகுப்பு மாணவர்களிடம், உங்கள் வீட்டில் பாடும் பாட்டு ஏதேனும் உங்கள் கைப்பேசியில் உண்டா என்று கேட்டேன். எர்ணாவூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் வகுப்பு முடிந்தபின் தனியே வந்தார். அவருடைய பாட்டி ஒப்பாரியில் பேர் பெற்றவர். சுற்றுவட்டத்தில் யார் வீட்டுச் சாவானாலும் அவரை அழைப்பார்களாம். தாத்தா இறந்த அன்று பாட்டி பாடியதை, உறவுப் பையன் ஒருவன் தன் சிறிய பிளேயரில் பதிந்து வைத்திருக்கிறான். அத்தகைய பிளேயர்கள் பலவற்றில் குரலைப் பதியும் வசதியும் இருந்தது. பின்னர்ப் பாட்டியும் இறந்தார். பதிவைத் தேடியபோது, அதை மாற்றி வைத்திருந்த மெமரி கார்டு திறக்கவில்லை.

"வகுப்புலேயே சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன். "அது அழுவுற பாட்டு மேடம். அதப் போய் எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?" என்றார். நினைவில் இருந்ததை எழுதித் தருமாறு கேட்டேன். மறுநாள் பதினோரு வரி எழுதி வந்தார். நல்ல வரிகள். எந்த இடத்தில் பாட்டி குரலை இழுப்பார், எங்கே மூச்சு விடுவார், பாடிக் காட்ட முடியுமா என்றேன். சிறிது முயன்றார். "அது வர மாட்டேங்குது மேடம்" என்று நிறுத்திக்கொண்டார்.

இழப்பு இரண்டு இடங்களில் நேர்ந்திருப்பதை நோக்குக. கார்டு பழுதானது ஒன்று. வகுப்பில் சொல்லத் தகாதது என்று அம்மாணவி கருதியது மற்றொன்று. முன்னது இயந்திரத்தின் குறை. பின்னதற்குத் தமிழ் கற்பிக்கும் துறையும் இலக்கிய மன்றங்களும் விடை சொல்ல வேண்டும்.

நம் வட்டாரத்துத் திருவொற்றியூர், மூவர் தேவாரம் பெற்ற தலம். அத்தேவாரத்தின் வரலாறு நமக்கொரு பாடம் சொல்கிறது. தில்லையில் ஏடுகள் கிடைத்தபின்னும் பணி நிறைவு பெறவில்லை என்று கூறுகிறது திருமுறை கண்ட புராணம். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் வாயிலாகவே பண்முறை வகுத்தனர் என்பது மரபு. ஏடு காத்தது சொல்லை. பண்ணைக் காத்தது ஒரு பெண்ணின் குரல். நாட்டுப்பாடல் தொகுப்புகள் பல நம்மிடம் உள்ளன. நா. வானமாமலை போன்ற அறிஞர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அச்சு நமக்குத் தந்தது ஏட்டை மட்டுமே. பண்ணைத் தரவல்ல கருவி, அவர்களுக்கு அரிதாயிருந்த கருவி, இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. அதை நாம் கேட்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறோம்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த ஆண்டுக்குள் உறுப்பினர் ஒவ்வொருவரும் இவ்வட்டாரத்துக் குரல் ஒன்றைப் பதிந்து கொணர்க. காசிமேட்டு முதியவரின் அம்பாவாகலாம். எண்ணூரில் ஒரு தாயின் தாலாட்டாகலாம். பாடுபவரின் இசைவைப் பெற்ற பிறகே பதிய வேண்டும். பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். பெயரற்ற குரல் மறுதலைமுறைக்கு வெறும் ஓசையாகிவிடும். எம்.பி.3 சுமப்பதற்கு ஏற்றது. காப்பதற்கு, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பே ஏற்றது. மெமரி கார்டு கல்வெட்டன்று. எனவே மூன்று படிகள் எடுத்து மூன்று இடங்களில் வைக்க வேண்டும். இது பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டிய பணியல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களுமே சென்னையில் 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயின என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இப்பணியை நம்மிடமிருந்தே தொடங்கலாம். பத்தாண்டுகளாக இங்குப் படிக்கப்பட்ட கவிதைகளுள் சிறந்தவை இம்மலரில் அச்சேறுகின்றன. அவற்றைப் படித்த குரல்கள் எங்கே? இந்தப் பத்தாண்டில் நம்மை விட்டுப் பிரிந்த கவிஞர்களின் கவிதை நம்மிடம் இருக்கிறது. அவர்கள் அதைப் படித்த விதம் இல்லை. இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கும் மூத்த கவிஞர்கள் விழா முடிந்து வீடு திரும்புமுன், தத்தம் கவிதை ஒன்றைப் படிக்கச் செய்து பதிந்துகொள்ளுமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் போதும்.